நேற்றைய கூலி



மாற்கு எழுதின சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில், எருசலேமிலிருந்து வந்த வேதபாரகரோடு நம் ஆண்டவர் வாதாடிய பகுதி ஒன்று உண்டு. கைகழுவும் சம்பிரதாயத்தைப் பற்றியது என்று எண்ணி நாம் அதைப் பலமுறை கடந்து போயிருப்போம். அதன் நடுவே ‘கொர்பான்’ என்ற ஒரு சொல் வருகிறது. முதிர்வயதான தாய் தகப்பனைத் தாங்குவது பிள்ளையின் கடமை. ஆனால் மகன் தன் பொருளைக் கொர்பான் என்று, அதாவது தேவனுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை என்று அறிவித்துவிட்டால், அதைக்கொண்டு பெற்றோருக்கு உதவவேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை என்று அன்றைய பாரம்பரியம் தீர்ப்புச் சொன்னது. அவன் திருடவில்லை, பொய்க்கணக்கு எழுதவில்லை. முறைப்படியான ஒரு வார்த்தையைச் சொன்னான், கடமை கழிந்துபோயிற்று. ஆண்டவருடைய கோபம் அந்த முறைமையின்மேல்தான் எழுந்தது.

அமெரிக்க விமான நிறுவனங்களில் உழைத்து முதிர்ந்தவர்களுக்கு நேர்ந்ததை ஆராயும்போது இந்தச் சொல்லே என் நினைவில் நிற்கிறது. அங்கே அந்த முறைமையின் பெயர் திவால் சட்டத்தின் பதினோராம் அத்தியாயம். நொடித்துப்போகும் நிலையிலுள்ள ஒரு நிறுவனம், நீதிமன்றத்தின் நிழலில் கடன்காரரிடமிருந்து ஒதுங்கி நின்று, கடன்களைக் குறைத்துத் தன்னைச் சீர்படுத்திக்கொள்ள அது வழி செய்கிறது. அந்த ஏற்பாட்டை நான் முற்றிலும் குறைகூற மாட்டேன். கடனாளிக்கு விடுதலை தரும் ஏழாம் வருஷத்தை நியாயப்பிரமாணத்தில் வைத்தவர் நம்முடைய தேவனே. ஆனால் அந்த நிழலில் யாருடைய கடன் தள்ளப்படுகிறது என்று நாம் கேட்கவேண்டும்.

யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1994-ஆம் ஆண்டில் அதன் விமானிகள், இயந்திரப் பணியாளர்கள், சங்கம் சாராத ஊழியர்கள் ஆகியோர் ஏறத்தாழ 490 கோடி டாலர் மதிப்புள்ள ஊதியத்தையும் சலுகைகளையும் விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு நிறுவனத்தின் 55 விழுக்காடு பங்கு அவர்களுக்குக் கிடைத்தது. விமானப் பணிப்பெண்களின் சங்கம் மட்டும் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. தொழிலாளரே முதலாளிகள் என்று உலகம் அதைப் புகழ்ந்தது.

2001 செப்டம்பர் 11-ஆம் தேதி கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இரண்டு யுனைடெட் நிறுவனத்துடையவை. அவற்றில் பணியிலிருந்த 16 விமானிகளும் பணியாளர்களும் அன்று உயிரிழந்தார்கள். அதன்பின் பயணிகள் குறைந்தார்கள், நஷ்டம் பெருகிற்று. 180 கோடி டாலர் கடனுக்கு அரசின் உத்தரவாதம் கேட்டார்கள். 2002 டிசம்பர் தொடக்கத்தில் அது மறுக்கப்பட்டது. டிசம்பர் 9-ஆம் தேதி நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரிற்று. சம்பளத்தை விட்டுக்கொடுத்து வாங்கிய பங்குகள் ஏறக்குறைய வெறும் காகிதமாயின.

அடுத்து இரண்டாம் விட்டுக்கொடுப்பு வந்தது. அமெரிக்கத் திவால் சட்டத்தில் 1984-இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின்படி, சங்கத்தோடு செய்த ஊதிய ஒப்பந்தத்தை ரத்துசெய்ய நீதிமன்றத்தின் அனுமதியை நிறுவனம் கேட்கலாம். முதலில் பேசிப் பார்க்கவேண்டும் என்றும், தேவையையும் நியாயத்தையும் நிரூபிக்கவேண்டும் என்றும் அப்பிரிவு சொல்லுகிறது. ஆயினும் மேசையின் ஒரு பக்கத்தில் ரத்து என்னும் வாள் இருக்கும்போது, மறுபக்கத்தில் இருப்பவரின் சம்மதம் எவ்வளவு சுயாதீனமானது என்று சிந்தியுங்கள். 2003-இல் விமானிகள் 30 விழுக்காடு அளவுக்கு ஊதியக் குறைப்பை ஏற்றார்கள். எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 250 கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்தன. இவ்வளவு கொடுத்தால் ஓய்வூதியமாவது தப்பும் என்ற நம்பிக்கை பலருக்கும் இருந்தது.

அது தப்பவில்லை. 2004 ஜூலையில் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தவேண்டிய 7.2 கோடி டாலர் தவணையை நிறுவனம் செலுத்தவில்லை. 2005 மே 10-ஆம் தேதி சிகாகோவிலுள்ள திவால் நீதிமன்றம், நிறுவனத்தின் நான்கு ஓய்வூதியத் திட்டங்களையும் முடித்துவிட வழிசெய்த உடன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது. 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அத்திட்டங்களைச் சார்ந்திருந்தார்கள். கொடுக்கவேண்டியதற்கும் கையிருப்புக்கும் இடையே இருந்த பள்ளம் அன்றைய மதிப்பீட்டின்படி 980 கோடி டாலர். அதில் 660 கோடியை அரசின் ஓய்வூதிய உத்தரவாதக் கழகம் ஏற்றது. மீதி 320 கோடி டாலர், உழைத்தவர்களின் முதுமையிலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய ஓய்வூதிய முறிவு நேர்ந்ததில்லை.

இந்த உத்தரவாதக் கழகம் எப்படித் தோன்றியது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் என்ற கார் நிறுவனம் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரிலிருந்த தன் தொழிற்சாலையை மூடிற்று. நாற்பது முதல் அறுபது வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4,000 தொழிலாளருக்கு, அவர்கள் சம்பாதித்திருந்த ஓய்வூதியத்தின் மதிப்பில் சுமார் 15 விழுக்காடே கிடைத்தது. அந்த அநீதியின் நினைவு 1974-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. அச்சட்டமே இந்தக் கழகத்தை நிறுவிற்று. நிறுவனங்கள் செலுத்தும் காப்பீட்டுத் தொகையே அதன் ஆதாரம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 2005-இல் முடிக்கப்பட்ட திட்டங்களுக்கு, 65 வயதில் ஓய்வுபெறுபவருக்கு ஆண்டுக்கு 45,614 டாலருக்குமேல் உத்தரவாதம் இல்லை. வயது குறையக் குறைய அந்த வரம்பும் குறையும். 60 வயதில் அது 30,000 டாலரையும் எட்டாது. அக்காலத்தில் விமானிகள் 60 வயதுக்குமேல் பயணிகள் விமானத்தை ஓட்டக்கூடாது என்று வேறொரு சட்டம் இருந்தது. ஒரு சட்டம் அவர்களை 60-இல் வீட்டுக்கு அனுப்பிற்று. மற்றொரு சட்டம் 65 வரை ஏன் உழைக்கவில்லை என்பதுபோல் அவர்கள் பங்கைக் குறைத்தது.

பிரியமானவர்களே, இதில் என் கருத்தை மறைக்காமல் சொல்லுகிறேன். நாளைய கூலியைக் குறைப்பது வேறு. நேற்றைய கூலியைத் திரும்ப எடுத்துக்கொள்வது வேறு. முன்னது கடினமானது, சில வேளைகளில் தவிர்க்க முடியாதது. பின்னது, சட்டம் அனுமதித்தாலும், தேவனுடைய சமுகத்தில் கூலியைப் பிடித்துவைப்பதே ஆகும்.

நம் தாய்மொழி இதைத் தெளிவாகவே சொல்லுகிறது. ஓய்வு, ஊதியம் என்ற இரண்டு சொற்களும் கூடியதே ஓய்வூதியம். தருமம், உபகாரம், இனாம் என்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. இருபத்தைந்து வயதில் ஒருவர் விமானத்தின் சக்கரத்தைப் பழுதுபார்க்கிறார். அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுவனம் அவர் கையில் கொடாமல், நீ முதிர்ந்தபின் தருகிறோம் என்கிறது. அவர் அதை நம்பி உழைக்கிறார். வேலை முடிந்துவிட்டது; விமானம் பறந்துவிட்டது; பயணி கட்டணம் செலுத்திவிட்டார். கூலி மட்டும் நிலுவையில் நிற்கிறது.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் மோசே ஏழைக் கூலிக்காரனைப் பற்றிக் கட்டளை கொடுக்கும்போது, பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்லுகிறார். ஓர் இரவு தாமதிப்பதைக்கூட அவர் பாவமாக எண்ணுகிறார். அப்படியிருக்க, ஓர் இரவல்ல, முப்பது ஆண்டுகள் காத்திருக்கச் சம்மதித்த மனிதருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்! அவ்வளவு காலம் பொறுத்திருந்தவரை நோக்கி, காலம் கடந்துவிட்டது, கணக்கு மாறிவிட்டது என்று சொல்லுவது எத்தகைய நியாயம்? கூலி கொடாமல் வைத்திருப்பவர்களைக் குறித்து யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியதை நாம் அறிவோம். பிடித்துவைத்த கூலிக்குக் குரல் உண்டு என்பதும், அந்தக் குரல் சேனைகளின் கர்த்தரை எட்டுகிறது என்பதும் அவருடைய சாட்சி.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் நாம் கேட்கவேண்டும். நிறுவனமே அழிந்திருந்தால் எல்லாரும் வேலை இழந்திருப்பார்களே, அது மேலோ என்று கேட்பார்கள். இது அற்பமான கேள்வியன்று. திவால் காலத்திலேயே பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். எஞ்சியவர்களின் வேலையாவது தப்பவேண்டும் என்று தலைவர்கள் கவலைப்பட்டது பொய்யன்று. விமானத் தொழில் எரிபொருள் விலைக்கும், யுத்தத்துக்கும், கொள்ளைநோய்க்கும் முதலில் நடுங்கும் தொழில் என்பதும் மெய்யே.

ஆனால் முடித்துவிடுவது ஒன்றே வழியாக இருந்ததா? அதே தொழிலில் பிறர் வேறு வழியைக் கண்டார்கள். 2005 செப்டம்பர் 14-ஆம் தேதி நார்த்வெஸ்ட், டெல்டா என்ற இரண்டு நிறுவனங்களும் ஒரே நாளில் திவால் பாதுகாப்புக் கோரின. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம் விமான நிறுவனங்களுக்கு ஓய்வூதியப் பள்ளத்தை நிரப்ப நீண்ட தவணை கொடுத்தது. நார்த்வெஸ்ட் தன் திட்டங்களை முடிக்காமல் உறையவைத்தது. அதாவது, இனிமேல் புதிதாக ஒன்றும் சேராது; அதுவரை சம்பாதித்தது அப்படியே நிற்கும். டெல்டா தன் விமானிகளின் திட்டத்தை முடித்துவிட்டாலும், தரைப்பணியாளர், விமானப் பணிப்பெண்கள் ஆகியோரின் திட்டத்தை இவ்வாறே காத்துக்கொண்டது. 2011 நவம்பர் 29-ஆம் தேதி திவாலான அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் பேரின் திட்டங்களை முடித்துவிடவே விரும்பிற்று. உத்தரவாதக் கழகம் வெளிப்படையாக எதிர்த்து நின்றது, சங்கங்களும் போராடின. முடிவில் முடிப்பது கைவிடப்பட்டு, உறையவைப்பதே நிலைத்தது. நாளைய கூலி குறைந்தது. நேற்றைய கூலி தப்பிற்று. நான் மேலே சொன்ன வேறுபாடு மேடைப்பேச்சுக்குரியது மட்டுமன்று, கணக்குப் புத்தகத்திலும் நடைமுறைப்படுத்தக்கூடியது என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாவதாக, சங்கங்கள் தாங்களே ஒப்புக்கொண்டார்களே என்பார்கள். சிலர் ஒப்புக்கொண்டது உண்மை. யுனைடெட் விமானிகளின் சங்கம், தங்கள் திட்டம் முடிக்கப்படுவதை எதிர்ப்பதில்லை என்று 2005-இல் இசைந்து, அதற்கு ஈடாக 55 கோடி டாலர் மதிப்புள்ள கடன்பத்திரங்களைப் பெற்றது. விமானப் பணிப்பெண்களின் சங்கமோ இறுதிவரை எதிர்த்தது. ஆனால் இந்தப் பேச்சுவார்த்தைகளில் ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களின் இடம் எது? அவர்களுக்கு வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் இல்லை. ஒப்பந்தத்தின்மேல் வாக்களிக்கும் உரிமையும் இல்லை. முப்பது வயதுக்காரர் ஊதியம் குறைந்தால் வேறு வேலை தேடலாம். இன்னும் பத்து ஆண்டு கூடுதலாக உழைக்கலாம். எழுபது வயதுக்காரருக்குத் திரும்ப உழைக்க நாட்கள் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் இடமில்லாதவரிடமிருந்து எடுப்பதே எளிது. எனவேதான் விதவையையும் திக்கற்றவரையும் குறித்துத் தீர்க்கதரிசிகள் அத்தனை முறை பேசினார்கள்.

மூன்றாவதாக, விமானிகள் பெருஞ்சம்பளக்காரர் அல்லவா, அவர்களுக்காக இரங்குவானேன் என்பார்கள். பயணப்பெட்டிகளை ஏற்றி இறக்கியவரும், இரவெல்லாம் கொட்டகையில் இயந்திரத்தைச் சோதித்தவரும், உணவுத்தட்டைச் சுமந்து நடந்தவரும் அந்தத் திட்டங்களில் இருந்தார்கள். விமானிகளைப் பற்றியே பேசினாலும், நியாயம் என்பது இரக்கத்தின் அளவைப் பொறுத்ததன்று. ஐசுவரியவானுக்குக் கொடுத்த வாக்கும் வாக்குத்தான்.

இவ்விடத்தில் பலிபீடத்தின் மொழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இத்தகைய காலங்களில் நிறுவனத் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்யும் தியாகம் என்று பேசுகிறார்கள். தியாகம் நம்முடைய விசுவாசத்தின் பரிசுத்தமான சொல். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது பவுல் அப்போஸ்தலர், ஒரு சாராரை நெருக்கி மறு சாராருக்கு இளைப்பாறுதல் தேடுவது தன் நோக்கம் அன்று என்றும், சமநிலையே வேண்டும் என்றும் கொரிந்து சபைக்கு விளக்கினார். யுனைடெட் நிறுவனத்தின் தலைமை அதிகாரியும் திவால் காலத்தில் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். ஆனால் அவர் பணியில் சேர்ந்தபோது வாக்களிக்கப்பட்ட 45 லட்சம் டாலர் ஓய்வுக்காலப் பலன் தனி அறக்கட்டளையில் இருந்ததால் தொடப்படவில்லை. முந்தைய வேலையில் இழந்ததற்கு ஈடாகக் கொடுத்த வாக்கு அது என்றார்கள். வாக்கைக் காத்ததை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். மெக்கானிக்குக்குக் கொடுத்த வாக்கும் அவ்வாறே ஏன் வேலியடைத்துக் காக்கப்படவில்லை என்பதே என் கேள்வி. 2006 பிப்ரவரி 1-ஆம் தேதி நிறுவனம் திவாலிலிருந்து வெளியே வந்தபோது, புதிய பங்குகளில் 8 விழுக்காடு ஏறத்தாழ 400 மேலாளர்களுக்கென ஒதுக்கப்பட்டது. பலிபீடத்தண்டைக்கு எல்லாரும் நடந்தார்கள், பலியானவர்களோ சிலரே.

இது தூரதேசத்துச் செய்தி என்று நாம் ஆறுதல் அடைய வேண்டாம். 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் நிறுவனம் பறப்பதை நிறுத்தியபோது, நம் தேசத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சம்பள பாக்கியோடு நின்றன. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளருக்குச் சேரவேண்டியதை, கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்தோடு சேர்க்கக்கூடாது என்று நம்முடைய திவால் சட்டம் வேலியிட்டிருக்கிறது. அந்த வேலி இருந்தும், பணியாளர்கள் தீர்ப்பாயங்களின் படிகளை ஏறவேண்டியிருந்தது. வைப்பு நிதியும் பணிக்கொடையும் முழுமையாகக் கொடுக்கப்படவேண்டும் என்ற தீர்ப்பை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 நவம்பர் 7-ஆம் தேதி நிறுவனத்தையே கலைத்துவிட உத்தரவிட்டது. சட்டம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது. அதைக் கேட்டுப் பெற உழைப்பாளிக்குத் துணை வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

அன்பானவர்களே, நம்மில் பலர் பிறருக்குக் கூலி கொடுக்கிறவர்கள். கடை வைத்திருக்கிறோம், பள்ளி நடத்துகிறோம், வீட்டில் ஆள் வைத்திருக்கிறோம். இருபது ஆண்டு நம் வீட்டுப் பாத்திரம் துலக்கிய அம்மாளுக்குக் கை நடுங்கத் தொடங்கும்போது, அவருக்கு நாம் செய்யவேண்டியது என்ன? சட்டம் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லலாம். கொர்பான் சொன்ன மகனும் அதையேதான் சொன்னான். நம்முடைய ஆலயத்தின் மணியடித்து, பாய் விரித்து, விளக்கேற்றிய ஊழியரின் வைப்பு நிதி மாதந்தோறும் கட்டப்படுகிறதா என்று சபைக் கமிட்டியில் கேட்பது ஆராதனைக்கு வெளியே உள்ள காரியமன்று. புதிய கோபுரத்துக்குக் காணிக்கை எடுத்துக்கொண்டு பழைய ஊழியரின் பங்கை நிலுவையில் வைப்போமானால், பரிசேயரைக் குறைகூற நமக்கு வாய் இராது.

பங்குகளில் பணம் போட்டிருக்கிற சகோதரருக்கும் ஒரு வார்த்தை. ஒரு நிறுவனம் தன் ஓய்வூதியப் பொறுப்பைத் தள்ளிவிட்டது என்ற செய்தியில் பங்கு விலை ஏறக்கூடும். அந்த ஏற்றத்தில் நமக்கு வரும் லாபம் யாருடைய முதுமையிலிருந்து வருகிறது என்று ஒருமுறை நின்று கேளுங்கள். சங்கத்தில் இருக்கும் வாலிபருக்கும் சொல்லுகிறேன்: நீங்கள் பேச்சுவார்த்தைக்கு அமரும்போது, அறையில் இல்லாத முதியவருக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். இன்று அவர் இருக்கும் இடத்தில் நாளை நீங்கள் இருப்பீர்கள்.

கர்த்தருடைய கூடாரத்தில் தங்கக்கூடியவன் யார் என்ற கேள்விக்குப் பதினைந்தாம் சங்கீதம் தரும் பதில்களில் ஒன்று, வாக்குக் கொடுத்தபின் அதனால் தனக்கு இழப்பு நேர்ந்தாலும் மாறாதவன் என்பது. லாபமுள்ள வாக்கைக் காப்பதற்குப் பரிசுத்தம் தேவையில்லை. வியாபார புத்தியே போதும். நஷ்டம் வரும்போது காக்கப்படும் வாக்கில்தான் தேவனுடைய சாயல் தெரிகிறது. நம்மோடு உடன்படிக்கை செய்தவர், அதற்குத் தம் குமாரனையே விலையாகக் கொடுக்கவேண்டியிருந்தும், அதை முறிக்கவில்லை.

ஜெபம் செய்வோம். உடன்படிக்கையைக் காக்கிற பிதாவே, உழைத்துத் தளர்ந்து, வாக்களிக்கப்பட்டதற்காகக் காத்திருக்கிற எல்லாரையும் நினைத்தருளும். கணக்கு எழுதுகிறவர்களுக்கும் தீர்ப்புச் செய்கிறவர்களுக்கும் முதியோரின் முகத்தைக் காட்டும். எங்கள் கையில் நிற்கும் பிறருடைய கூலியை, பொழுது சாயுமுன் கொடுத்துவிட எங்களுக்கு மனமும் பெலனும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.